அறுபது பேருக்குக் கஞ்சி

விருதுநகரில் எங்கள் வீடு மாதிரியான வீடுகளில் பெண்ணுக்குக் கல்லூரி தேடுவதும் மாப்பிள்ளை தேடுவதும் ஒன்றுதான். ஊரை விசாரிப்பார்கள். தெருவை விசாரிப்பார்கள். பக்கத்தில் பள்ளிவாசல் உண்டா, நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று விசாரிப்பார்கள். அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு நடந்த அந்த விசாரணையில் நான் ஒரு பொய்யில் தொடங்கினேன். அதுவும் ஒரு எண்தான். அந்த எண்ணை என் குடும்பம் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. நானும் கூடவே சிரிப்பேன் (சிரிக்காவிட்டால் "இன்னும் கோவமா இருக்கியா?" என்று கேட்பார்கள். இருக்கிறேன்).

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அட்டைப்பெட்டி வியாபாரம். சிவகாசிப் பட்டாசு கம்பெனிகளுக்குப் பெட்டி சப்ளை செய்கிறவர். யார் சொல்லும் எண்ணிக்கையிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. லோடு வந்து இறங்கினால் தானே போய் நின்று, விரலை நீட்டி, உதடு அசைய அஞ்சு அஞ்சாக எண்ணுவார். கட்டுக்கு அறுபது பெட்டி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். அப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட எண்ணிக்கை ஒன்றே ஒன்று. அது நான் சொன்னது.

பிளஸ் டூவில் எனக்குக் கணக்கில் நல்ல மார்க். புள்ளியியல் படிக்க ஆசைப்பட்டேன். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு நீண்ட பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. உண்மையான காரணம், எங்கள் கணக்கு டீச்சர் ஒருநாள் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சபுரா, உனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் நல்லா வரும்" என்று சொன்னார். அதுவரை எனக்கு எதுவும் வரும் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

அத்தா எனக்காகப் பார்த்து வைத்திருந்தது கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த பெண்கள் கல்லூரி. முழுக்க நம்ம பிள்ளைகள். ஹாஸ்டலில் ஐந்து வேளையும் சேர்ந்து தொழுவார்கள். நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிடுவார்கள். எல்லாம் உண்டு, புள்ளியியல் மட்டும் கிடையாது. அது இருந்த கல்லூரி சிவகாசிக்கு இந்தப் பக்கம், ஆனைக்குட்டம் போகிற பாதையில் இருந்தது. பக்கம்தான். ஆனாலும் பட்டாசு சீசன் நேரத்துப் பஸ்ஸில் பெண் பிள்ளை தொங்கிக்கொண்டு போகக் கூடாது, சேர்ந்தால் ஹாஸ்டல்தான் என்று வீட்டில் பேச்சு.

விண்ணப்பம் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனது என் மாமா, அம்மாவின் தம்பி. ஆம்பளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று வாட்ச்மேன் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. நேரே எதிர்க் கடைக்குப் போய் டீயும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டார். ஆகவே உள்ளே நடந்ததற்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அத்தா கேட்டார்.

"அங்கன நம்ம புள்ளைக எம்புட்டுப் பேரு இருக்காக?"

நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. நான் கேட்டதெல்லாம் லேப் எங்கே, லைப்ரரி எத்தனை மணி வரை என்று. ஆறு என்று சொன்னால் போதாது. நூறு என்றால் நம்ப மாட்டார். வாசலில் வேலையாள் பெட்டிக் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அறுபது பேரு அத்தா."

"அறுபதா!" கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "தொழுறதுக்கு எடம்?"

"தனி ரூம் இருக்கு."

"நோன்புக்கு?"

"எல்லாம் கமருன்னிஸா அக்கா பாத்துக்கிருவாங்க. மூணாம் வருசம் படிக்கிறாங்க. ரொம்பக் கண்டிப்பு."

கமருன்னிஸா அக்கா அந்த நிமிஷத்தில்தான் பிறந்தாள். கமுதிக்காரி. ஐந்து வேளைத் தொழுகையாளி. துப்பட்டா நழுவினால் கூப்பிட்டுக் கண்டிப்பவள். அத்தாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. என்னைப் பெற்ற பதினெட்டு வருஷத்தில் என்மேல் வராத நம்பிக்கை, இல்லாத ஒருத்தியின் மேல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அவருக்கு வந்துவிட்டது. எனக்குச் சீட்டு கிடைத்தது என்பதைவிட, கமருன்னிஸாவின் பொறுப்பில் என்னை விட்டார் என்பதுதான் சரி.

உண்மை நிலவரம் இதுதான்: அந்த ஹாஸ்டலில் நம்ம பிள்ளை என்று நான் ஒருத்திதான். பகலில் வந்து போகிற பெண்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களும் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடுவார்கள். தொழுகைக்குத் தனி ரூம் என்று நான் சொன்னது, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறை.

நாலு மாதம் ராஜவாழ்க்கை. வாரம் ஒரு முறை ஹாஸ்டல் போனில் அத்தா பேசுவார். "கமருன்னிஸா புள்ளைக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லு" என்று முடிப்பார். மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் லோடு கொண்டுபோகும் டிரைவர் கையில் அக்காவுக்கென்று அரைக் கிலோ அல்வா வரும். அதை நான் பெட்டியில் வைத்துப் பூட்டி, யாருக்கும் காட்டாமல் தின்றேன் (அறைத்தோழி மகேஸ்வரிக்குக்கூட. அந்தப் பாவத்துக்கு மட்டும் நான் இன்றும் மன்னிப்புக் கேட்கத் தயார்).

நோன்பு பிறந்தது. அந்த வருஷம் நோன்பும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்தன. சஹருக்கு எழுப்ப யார் இருக்கிறார்கள்? முதல் நாளே இரண்டு பன்னும் ஒரு பழமும் வாங்கி வைத்துக்கொள்வேன். சில நாள் நோன்பு பிடித்தேன். பல நாள் தூங்கிப்போனேன். போனில் மட்டும் முழு நோன்பு.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்பு முப்பது நாளும் வீட்டுக்கு ஒரு நாள் கஞ்சி முறை உண்டு. அன்றைய கஞ்சி அந்த வீட்டுச் செலவு. நோன்பு பாதி போனபின் ஒருநாள் அத்தா போன் செய்தார்.

"தாயி, வர்ற புதன்கிழமை நம்ம முறை. இந்த வருசம் அத உங்க ஹாஸ்டலுக்குக் கொண்டாறேன்."

"இங்கயா?"

"அறுபது புள்ளைக வீட்ட விட்டு வந்து நோன்பு பிடிக்குதுக. அதுகளுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்க? ஜமாத்துலயும் சொல்லிப்புட்டேன், இனிமே வருசா வருசம் என் முறைக் கஞ்சி அங்கனதான்னு. வார்டனம்மாகிட்டயும் பேசிட்டேன், அறுபது பேருக்குக் கஞ்சின்னதும் நாங்களே உள்ள வந்து ஊத்தலாம்னுட்டாக."

"அத்தா, சீசன் நேரம். லோடு நிறைய இருக்குமே..."

"லோடு கெடக்குது, விடு. நல்லாக் கறி போட்டுக் காய்ச்சச் சொல்லியிருக்கேன்."

கறி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுபது பேரை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. பிடித்தாலும் அதில் பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள்.

"கறி வேணாம் அத்தா. கமருன்னிஸா அக்காவுக்கு வயித்துல புண்ணு."

"அந்தப் புள்ளைக்குத்தான புண்ணு? அறுபது பேருக்குமா?"

"அக்கா சாப்பிடாதத நாங்க யாரும் சாப்பிடுறதில்ல அத்தா."

"எம்புட்டு ஒத்துமைம்மா" என்று உருகிப்போனார் அத்தா. 

நான் போனை வைத்துவிட்டு அறைக்குப் போய் அழுதேன். மகேஸ்வரி தாயில்பட்டிக்காரி. அவள் அம்மா அங்கே பட்டாசு கம்பெனியில் திரி வைக்கிற வேலை பார்த்து இவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அல்வாவைத் தவிர. அவள் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாள்.

"அறுபது பேருதான? வடை உண்டா?"

"உண்டு."

"அப்ப பிடிச்சிரலாம். அழாத புள்ள."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. பதினெட்டு வயதில் நான் ஒரு மார்க்கத்தையே அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன். தலையில் துப்பட்டா எப்படிப் போடுவது. சலாம் சொன்னால் பதில் சலாம் எப்படிச் சொல்வது. நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. ஆளுக்கு ஒரு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னதில் பதினொரு பேர் ஷபானாதான் வேண்டும் என்று சண்டை போட்டார்கள். "காலையில இருந்து சாப்பிடாம இருக்கணுமா?" என்று ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள். "வேண்டாம், மூஞ்சிய மட்டும் சோர்வா வச்சுக்க" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன். கமருன்னிஸா வேஷம் மகேஸ்வரிக்கு. அவளைவிட்டால் அந்தக் கண்டிப்பு வேறு யாருக்கும் வராது.

புதன்கிழமை அஞ்சரை மணிக்கு லோடு ஆட்டோ வந்து கேட்டில் நின்றது. சீசன் மும்முரத்திலும் அத்தா வண்டியை வீணாக்கவில்லை. கம்பெனிக்குப் போக வேண்டிய பெட்டிக் கட்டுகளை அடுக்கி, அதன் நடுவில் தளும்பாமல் இருக்கக் கஞ்சி நிறைந்த பெரிய பாத்திரத்தை, தேக்சாவை, இறுக்கி வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டிகள் மேலெல்லாம் ராக்கெட்டும் புஸ்வாணமும் அச்சடித்திருந்தன. நடுவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மறுத்துவிட்டார்.

"பட்டாச உள்ள விட முடியாதுங்க."

"பட்டாசு இல்லப்பா, வெறும் பெட்டி."

"வெறும் பெட்டி எப்படிப் பொகையும்?"

அத்தாவுடன் வந்திருந்த காசிம் பாய், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவர், மூடியைத் திறந்து ஒரு கரண்டி கோரிக் காட்டினார். வாட்ச்மேன் முகர்ந்து பார்த்தார். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணத்தன. அதன்பிறகு அவரே கூட வந்து தேக்சாவுக்கு ஒரு கை கொடுத்தார். அத்தா உள்ளே வராமலிருக்க அன்றைக்கு எனக்கு வாய்த்த கடைசித் தடை அதுதான். அதுவும் கரண்டிக் கஞ்சியில் விலகிப்போனது.

கூடத்து வாசலில் நின்று அத்தா சலாம் சொன்னார்.

உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை. ஒன்றாம் வகுப்பில் டீச்சருக்குக் காலை வணக்கம் சொல்வோமே, அதே இழுவையில், அதே ராகத்தில், ஒரே குரலாக:

"வ... அலைக்கும்... ஸலா... ம்!"

அத்தா திரும்பிக் காசிம் பாயின் காதில் ஏதோ சொன்னார். பிறகு உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, விரலை நீட்டி, உதடு அசைய, அஞ்சு அஞ்சாக எண்ண ஆரம்பித்தார். 

"எழுபத்து மூணு இருக்கே தாயி?"

வடை செய்தி பக்கத்து பிளாக்குக்கும் போயிருக்கிறது. "புதுசாச் சேந்திருக்காங்க அத்தா" என்றேன்.

"நடு வருசத்துலயா?" என்றவர் மேலே கேட்கவில்லை. மகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீதான் கமருன்னிஸாவா? வயித்துப் புண்ணு எப்படிம்மா இருக்கு?"

"ஆண்டவன் புண்ணியத்துல தேவலை அத்தா."

"அல்வா கெடச்சுச்சா? மாசாமாசம் குடுத்துவிட்டனே."

மகேஸ்வரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "கெடச்சுச்சு அத்தா. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே பின்பக்கமாக என் கையைக் கிள்ளினாள். அந்தச் சிவப்பு இரண்டு நாள் இருந்தது.

நேரம் ஆனது. அத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோன்பு திறக்கும் துஆவை வாய்விட்டு ஓதினார். எழுபத்து மூன்று பேரும் கையேந்தி உட்கார்ந்திருந்தார்கள். ஓதி முடித்ததும் இரண்டாம் வரிசையில் ஒருத்தி பழக்கதோஷத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தா சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழத்தைக் கடித்தேன். கஞ்சி ஊற்றப்பட்டது. ஒத்திகையில் இல்லாத ஒரு விஷயம் நடந்தது: பிள்ளைகளுக்குக் கஞ்சி உண்மையாகவே பிடித்துப்போய்விட்டது. இரண்டாவது, மூன்றாவது டம்ளர் கேட்டு வாங்கினார்கள். காசிம் பாய்க்கு வாயெல்லாம் பல். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அத்தா சொன்னார், "சரிம்மா, மக்ரிபுக்கு நேரமாச்சு. நீங்க தொழுதுக்கங்க. நாங்க வெளிய நிக்கிறோம்."

நோன்பு திறந்த கையோடு மக்ரிப் தொழ வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு மார்க்கத்தையே சொல்லிக் கொடுத்த மேதாவிக்கு அது மறந்துபோயிருந்தது. தின்பதற்கு ஒத்திகை பார்த்தவள் தொழுவதைப் பற்றி நினைக்கவே இல்லை. நாலு மாதமாக நான் எந்த லட்சணத்தில் இருந்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

 பின்னாலிருந்து ஒரு குரல், "இது நேத்து சொல்லித்தரலையே?" என்றது.

மகேஸ்வரி என் காதோரம் குனிந்தாள். "நீ முன்னால நில்லு புள்ள. நீ செய்யிறதப் பாத்து நாங்க அப்படியே செஞ்சிர்றோம். வரிசையா நிக்க வைக்கவா?"

செய்திருப்பார்கள். அத்தனை பேரும் எனக்காகக் குனிந்து நிமிர்ந்திருப்பார்கள். அத்தா தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வண்டி ஏறியிருப்பார். நானும் புள்ளியியல் படித்து முடித்திருப்பேன். ஆனால் என்னால் முடியவில்லை. அதுவரை வாய் கூசாமல் பொய் சொன்னவளுக்கு அந்த இடத்தில் மட்டும் உடம்பு கூசியது. அந்தப் பிள்ளைகளையும் அதில் இழுக்கக் கூடாது, அதையும் விளையாட்டாக்கக் கூடாது என்று பட்டது.

"வேணாம் மகேசு. நீங்க உக்காருங்க" என்றேன்.

குழாயடிக்குப் போய்க் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தேன். எந்தத் திசையில் நின்று தொழுவது என்பதை நாலு மாதமாக அந்த ஹாஸ்டலில் நான் பார்த்து வைத்திருக்கவில்லை. வெயில் இறங்கிய ஜன்னல் எதுவென்று தேடிக் கண்டுபிடித்தேன். கீழே விரிக்கத் துணி இல்லை. மகேஸ்வரி எழுந்து வந்து, கமருன்னிஸாவாகத் தலையில் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்து, உதறி, என் முன்னால் விரித்தாள். அவள் நெற்றியில் அழித்த பொட்டின் தடம் தெரிந்தது. நான் தொழுதேன். அந்தக் கூடத்தில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை.

தொழுகை முடிவில் வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை முகத்தைத் திருப்ப வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் வாசல். வாசலில் அத்தா நின்றுகொண்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. உள்ளே வந்து மகேஸ்வரியிடம், "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"மகேஸ்வரி."

"எந்த ஊரு?"

"தாயில்பட்டிங்க."

"மிச்சம் கெடக்குது. எல்லாரும் இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கங்கம்மா, சங்கடப்படாதீக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்தார். டிரங்குப் பெட்டியைக் கட்டச் சொன்னார். ஆபீஸில் கையெழுத்துப் போட்டு டிசி வாங்கினார். துறைத்தலைவி அம்மா, "நல்லாப் படிக்கிற பொண்ணு சார்" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அத்தா, "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான்.

வண்டியில் நான் அழுதுகொண்டே கேட்டேன். "பொய் சொன்னது தப்புத்தான் அத்தா. அதுக்காகப் படிப்ப நிறுத்துவீகளா?"

"பொய்க்காக இல்ல" என்றார். ரொம்ப தூரம் போனபிறகு மீதியைச் சொன்னார். "உன் வயசுல நான் வெளியூர்க் கடையில வேலைக்கு நின்னேன். நோன்பு முப்பது நாளும் ஒத்தையில தெருக்குழாய்த் தண்ணியக் குடிச்சு நோன்பு தொறந்தேன். முந்தாநாள் நீ ஒத்தையில நின்னு தொழுதியே, அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல தாயி."

நான் நாலு மாதம் பொய்யாய் இருந்தேன், படித்தேன். மூன்று ரக்அத் தொழுத நேரம் மட்டும் யோக்கியமாக இருந்தேன், படிப்பு போனது. அவர் பட்ட தனிமைக்கு என் படிப்பைக் கொடுத்தோம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த வருஷம் நம்ம பிள்ளைகள் இருக்கிற கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்றார். அடுத்த வருஷத்துக்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். பெண் என்ன படித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டதற்கு மாமா, "ஸ்டாடிஸ்டிக்ஸ், நாலு மாசம்" என்று சொல்ல, முதல் சிரிப்பு அங்கே எழுந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று நான் வாயைத் திறந்தால் போதும். "நிஜக் கணக்கா, காலேஜ் கணக்கா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் அது இப்போது தொற்றிக்கொண்டது. கமருன்னிஸாவின் வயிற்றுப் புண், எழுபத்து மூன்று பேர், ஸலாம் ராகம் என்று வரிசையாகச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கதை சிலுவை போட்ட பெண்ணோடு முடிந்துவிடும். தொழுத இடம் அதில் வராது.

ஜமாத்தில் சொன்ன சொல்லை அத்தா மாற்றவில்லை. வருஷா வருஷம் எங்கள் முறைக் கஞ்சி அந்த ஹாஸ்டலுக்குத்தான் போனது. மகேஸ்வரி மூன்று வருஷமும் படித்து முடித்தாள். மூன்று வருஷமும் என் அத்தாவின் கஞ்சியைக் குடித்தாள். "கமருன்னிஸா ஃபர்ஸ்ட் கிளாஸாம்!" என்று அவர் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னபோது நான் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தக் கட்டுரையை யாரும் நகைச்சுவை என்று சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம்விடக் கசப்பானதைக் காசிம் பாய் ரொம்ப வருஷம் கழித்து, போகிற போக்கில் சொன்னார். "நீங்க சலாம் பாடுனீகளே, அப்பவே உங்க அத்தாவுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. 'படிக்கிற ஆசையில சொல்லிருக்கு, கண்டுக்கிறாத காசிமு. இருந்து படிக்கட்டும்'னுதான் ஏங்கிட்டச் சொன்னாக." ஆக, சிரித்துச் சமாளித்து எல்லாரையும் குனிந்து நிமிரவிட்டிருந்தால்கூட அவர் என்னை மன்னித்து அங்கேயே படிக்கவிட்டிருப்பார்.

இந்த வருஷ நோன்பில் அத்தாவுக்கு முழங்கால் வலி. கஞ்சியோடு என்னைப் போகச் சொன்னார். பழைய வாட்ச்மேன் இல்லை. புது வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'கஞ்சி' என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.

அதே கூடம். பிள்ளைகள் போனும் கையுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு கஞ்சி குடித்தார்கள். ஒருத்தி மட்டும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து, அந்த ஜன்னலுக்கு எதிரே துணியை விரித்து நின்றாள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்தவள் அவளுக்காக ஒரு டம்ளர் கஞ்சியும் இரண்டு வடையும் எடுத்து மூடி வைத்தாள். தொழுது முடித்ததும் அவள் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சில் சேர்ந்துகொண்டாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். "ஸ்டாடிஸ்டிக்ஸ்க்கா, முதல் வருசம்" என்றாள். ஹாஸ்டலில் நம்ம பிள்ளைகள் வேறு யாரும் உண்டா என்று கேட்டேன். "நான் மட்டுந்தான்க்கா" என்றாள், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல. பேர் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மாமா, அம்மா, என் வீட்டுக்காரர் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அத்தா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்கன இப்ப நம்ம புள்ளைக எம்புட்டுப் பேரு இருக்காக?"

அவருக்கு விருதுநகர், கமுதி, பரமக்குடி என்று எல்லா ஊர் ஜமாத்திலும் ஆள் உண்டு. ஒன்று என்று சொன்னால் அந்த ஒருத்தி யார் மகள் என்று நாளைக்கே கண்டுபிடித்துவிடுவார். கெட்ட எண்ணத்தில் இல்லை. பாசத்தில்தான் அவள் வீட்டுக்குப் போன் போடுவார்.

"அறுபது பேரு அத்தா" என்றேன்.

வீடே வெடித்துச் சிரித்தது. மாமா தொடையில் அடித்துக்கொண்டார். அத்தாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் போய்த் தேக்சாவைக் கழுவ ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது.